ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி

பினாங்குத் தீவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள பாயான் லெப்பாஸ் வட்டாரம் ஒரு காலத்தில் நெல் வயல்களும் கம்பங்களும் நிறைந்த இடமாக விளங்கியது. ஜார்ஜ்டவுன் துறைமுகம் நெடுங்காலமாகப் பெற்றிருந்த வரிவிலக்குச் சலுகை 1960களின் இறுதியில் நீங்கியபோது, அங்கு வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. அந்நிலையைப் போக்க, அப்போதைய முதலமைச்சர் டாக்டர் லிம் சொங் இயூ தலைமையில் இயங்கிய மாநில அரசாங்கம் மின்னணுத் தொழிலை நாடியது. அதன் பயனாக 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாயிற்று. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் அங்கு தொடங்கியது. ஏஎம்டி முதலிய பிற நிறுவனங்களும் அவ்வட்டாரத்திற்கு வந்து சேர்ந்தன.

அன்று தொட்டு, பால்மரக் காட்டில் பெற்றோர் உழைத்துக்கொண்டிருக்க, அவர்களின் பிள்ளைகள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித் தீவுக்குச் சென்று மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் காட்சி வட மாநிலங்களில் பழகிப்போன ஒன்றாயிற்று. அத்தொழிற்சாலைகளில் உருவாகும் சில்லுகளே கணினிக்கு மூளையாக அமைகின்றன. அச்சில்லுகளுக்கு உள்ள ஓர் ஆற்றலைப் பற்றிப் பலரும் அறிந்திருக்கவில்லை. ஒரே கணினியைப் பல கணினிகளாக நடந்துகொள்ளச் செய்யும் ஆற்றலே அது. அவ்வாறு கணினிக்குள் இயங்கும் கணினியை மெய்நிகர் கணினி என்று அழைக்கின்றனர். அது என்ன, அதனை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு பேணுவது, அதனால் நமக்கு என்ன பயன் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நமக்கு எதற்கு?

தோட்டக் கூட்டுறவுக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி ஒன்றில் உறுப்பினர்களின் பங்குப் பணம், கடன், ஈவுத்தொகை ஆகியவற்றின் கணக்குகள் இருக்கின்றன. அக்கணக்கு நிரலை எழுதியவர் இப்போது எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்நிரல் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். கணினியோ தூசு படிந்து, இன்றோ நாளையோ நின்றுவிடும் நிலையில் உள்ளது. அது நின்றுபோனால் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்கான சான்றும் அதனுடன் போய்விடும்.

கோயில் கமிட்டியின் வரவு செலவு, தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் பதிவு, தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் போன்ற ஆவணங்களுக்கும் இதே நிலை ஏற்படலாம். தமிழில் எழுதப்பட்டவற்றுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டு முறை 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் அளித்தது. ஆயினும் அது பரவலாகப் புழக்கத்திற்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரையில் பல தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்தன. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டு, மலேசியத் தமிழர்கள் கணினியில் எழுதிக் குவித்தவை ஏராளம். அவற்றுள் பழைய முறையில் எழுதப்பட்ட கோப்புகளை, அதற்குரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் புரியாத குறிகளே திரையில் தோன்றும்.

புதிய கணினி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 11 இயங்குதளம் 64 பிட் வகையில் மட்டுமே கிடைக்கிறது. பழைய 16 பிட் நிரல்கள் அதில் ஓடவே மாட்டா. அப்படியானால் பழைய கணினியையே இணையத்துடன் இணைத்துத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்றால், அதுவும் ஆபத்தானதே. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. திருத்தம் பெறாத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு ஒப்பாகும்.

இச்சிக்கலிலிருந்து விடுபடும் வழிகளுள் சிறந்த ஒன்று மெய்நிகர் கணினி ஆகும்.

லயன் வீடும் கணினியும்

நாம் அனைவரும் அறிந்த லயன் வீட்டை நினைத்துப் பாருங்கள். கூரை ஒன்று, அடித்தளம் ஒன்று. ஆனால் உள்ளே தடுப்புச் சுவர்களுக்கிடையே பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனி அடுப்பு, தனிப் பழக்கவழக்கம் உண்டு. எந்த வீடு யாருக்கு, எத்தனை அறை என்பதைத் தோட்ட நிர்வாகம் பகிர்ந்தளிக்கிறது.

கணினியிலும் இவ்வாறே நடைபெறுகிறது. மேசைமேல் உள்ள உண்மையான கணினியை விருந்தோம்பும் கணினி எனலாம். அதன் செயலி, நினைவகம், சேமிப்பு வட்டு ஆகியவற்றைப் பகிர்ந்தளிக்கும் நிர்வாகியாக ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் செயல்படுகிறது. அது ஒதுக்கிக் கொடுக்கும் பகுதியில் குடியேறும் இயங்குதளம் விருந்தினர் ஆகும். தான் இருப்பது தனியொரு கணினி என்றே விருந்தினர் இயங்குதளம் கருதிக்கொள்ளும். அதற்குள் கிருமி புகுந்தாலும், அது செயலிழந்து நின்றாலும், தடுப்புச் சுவர் சரியாக அமைந்திருக்கும் வரையில் மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பாதிப்பு ஏற்படுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான சிறப்பு ஒன்று உண்டு. மெய்நிகர் கணினியின் வட்டு முழுவதும், விருந்தோம்பும் கணினியில் ஒரு கோப்பாகவோ ஒரு சில கோப்புகளாகவோ இருக்கிறது. கோப்பு என்பதால் அதைப் படியெடுக்கலாம். வேறு கணினிக்குக் கொண்டுசெல்லலாம். பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம். இரும்பும் பிளாஸ்டிக்கும் பழுதடைந்து போனாலும், உள்ளிருக்கும் கணினி வேறொரு கூட்டில் புகுந்து தொடர்ந்து இயங்கும்.

வளர்ந்த வரலாறு

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இதற்கான ஆய்வை மேற்கொண்டது. விலை உயர்ந்த ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் தமக்கே உரியதுபோல் பயன்படுத்தச் செய்வதே அதன் நோக்கம். அதன் விளைவாக விஎம்/370 என்னும் இயங்குதளம் 1972ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பாயான் லெப்பாஸ் வாணிப வட்டாரம் பிறந்ததும் அதே ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது.

மேசைக் கணினிகளுக்கு இவ்வசதி எளிதில் வரவில்லை. அவற்றின் சில்லுகள் இதற்கென வடிவமைக்கப்படாததே காரணம். விஎம்வேர் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் மென்பொருள் உத்தியாலேயே அத்தடையைக் கடந்து காட்டியது. பின்னர் இண்டெல் 2005ஆம் ஆண்டிலும், ஏஎம்டி 2006ஆம் ஆண்டிலும், மெய்நிகர் கணினிகளை நேரடியாகத் தாங்கும் ஆற்றலைத் தங்கள் சில்லுகளிலேயே அமைத்தன. பினாங்கில் வேரூன்றிய அவ்விரு நிறுவனங்களின் இம்மாற்றத்தினால், பெருங்கணினிக் கூடங்களில் மட்டும் இருந்த வசதி சாதாரண மேசைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2009ஆம் ஆண்டில் விண்டோஸ் 7 இயங்குதளத்தை வெளியிட்டபோது, அதன் உயர்தரப் பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்கு எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணினியாகவே வழங்கியது. பழைய நிரல்களைக் கைவிட முடியாத அலுவலகங்களுக்கு அது அந்நாளில் பேருதவியாக இருந்தது.

அமைக்கும் முறை

முதலாவதாக, கணினி முடுக்கப்படும்போது தோன்றும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் மெய்நிகர் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பல கணினிகளில் சில்லுக்கு அவ்வாற்றல் இருந்தும் அது முடக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவதாக, ஹைப்பர்வைசர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸின் புரோ பதிப்பு வைத்திருப்போருக்கு ஹைப்பர்-வி அதனுடனேயே வருகிறது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு 2007ஆம் ஆண்டு முதல் கேவிஎம் என்னும் வசதி உள்ளது.

மூன்றாவதாக, நினைவகத்தைப் பங்கிட வேண்டும். பால் வெட்டுவோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பட்டையை வேண்டிய ஆழத்திற்குச் சீவினால் பால் வரும்; அளவுக்கு மீறி ஆழமாக வெட்டினால் மரமே காயப்படும். விருந்தோம்பும் கணினியின் நினைவகமும் அத்தகையதே. 8 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் பாதிக்கு மேல் விருந்தினருக்கு ஒதுக்கினால் இரண்டுமே தள்ளாடத் தொடங்கும். எக்ஸ்பிக்கு 1 கிகாபைட்டும் செயலியின் ஒரு கருவும் தாராளமாகப் போதும். விண்டோஸ் 11 இயங்குதளத்துக்குக் குறைந்தது 4 கிகாபைட் தேவை என்பதால், அதனை விருந்தினராக வைக்க விரும்புவோரின் கணினியில் 16 கிகாபைட் இருப்பது நல்லது.

நான்காவதாக, மெய்நிகர் வட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்பிக்கு 20 கிகாபைட் போதுமானது. விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு 64 கிகாபைட் வேண்டும். தேவைக்கேற்ப வளரும் வட்டு, முழு இடத்தையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வட்டு என இரு வகைகள் உண்டு. வளரும் வட்டு தொடக்கத்தில் சிறிய கோப்பாக இருந்து நாளடைவில் பெருகும் தன்மையுடையது. விருந்தோம்பும் கணினியின் வட்டில் இடம் தீர்ந்துவிட்டால் மெய்நிகர் கணினி நடுவழியில் நின்றுவிடும். ஆகையால் மீதமுள்ள இடத்தை அவ்வப்போது கவனித்து வருதல் அவசியம்.

ஐந்தாவதாக, இணைய இணைப்பைத் தீர்மானிக்க வேண்டும். விருந்தினர் இயங்குதளம் விருந்தோம்பும் கணினியின் வழியாக மட்டும் வெளியே செல்வது ஒரு முறை. அலுவலக வலைப்பின்னலில் தானும் ஒரு தனிக் கணினியாக நேரடியாக நிற்பது மற்றொரு முறை. இணைப்பே இல்லாமல் இருப்பது மூன்றாவது முறை. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி போன்றவற்றுக்கு மூன்றாவது முறையே ஏற்றது. பழைய கணக்கைப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் இணையம் தேவையில்லை அல்லவா?

பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்குமானால், அதன் வட்டை முழுவதுமாகப் படியெடுத்து மெய்நிகர் வட்டாக மாற்றும் கருவிகளும் உள்ளன. இதனால் நிரலைப் புதிதாக நிறுவ வேண்டிய தொல்லை நீங்கும். இவ்வேலையைக் கணினி நின்றுபோவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மாற்றிய பின் இயங்குதளம் தனது உரிமத்தை மறுபடியும் உறுதிப்படுத்துமாறு கேட்கக்கூடும். மெய்நிகர் கணினிக்கும் முறையான உரிமம் தேவை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

நிலைப்பதிவும் காப்புப் படியும்

மெய்நிகர் கணினியின் அந்நேரத்து நிலையை அப்படியே பதித்து வைக்கும் வசதி ஒன்று உள்ளது. இதனை நிலைப்பதிவு எனலாம். புதிய நிரல் ஒன்றைச் சோதிக்குமுன் நிலைப்பதிவு செய்துகொண்டால், தவறு நேர்ந்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் இவ்வசதியே அறியாதவருக்குத் தீங்காகவும் முடியும். திங்கட்கிழமை நிலைப்பதிவு செய்து, வெள்ளிக்கிழமை வரை உறுப்பினர்களின் சந்தாப் பணத்தைப் பதிந்துவிட்டு, பிறகு திங்கட்கிழமை நிலைக்குத் திரும்பினால், இடைப்பட்ட நாட்களில் எழுதிய கணக்கு அனைத்தும் மறைந்துபோகும். ஆகவே திரும்புவதற்கு முன் புதிய கணக்குகளை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிலைப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்பதும் கூடாது. அவை வட்டின் இடத்தை விழுங்குவதோடு கணினியின் வேகத்தையும் குறைக்கும்.

நிலைப்பதிவு காப்புப் படி ஆகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே வட்டில் இருப்பதால், வட்டு பழுதடைந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். 1975ஆம் ஆண்டில் பினாங்கு இண்டெல் தொழிற்சாலையே தீக்கிரையாகி, பின்னர் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கு நேரும் விபத்து, வெள்ளமும் மின்னலும் தாக்கும் நம் அலுவலக அறைக்கும் நேரலாம். எனவே விருந்தினர் இயங்குதளத்தை முறையாக நிறுத்திய பின்னரே அதன் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படி குறைபட்டிருக்கலாம். மூன்று படிகள் இருத்தல் நலம். அவற்றுள் ஒன்று தனி வட்டிலும், மற்றொன்று வேறொரு கட்டடத்திலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியை வேறு கணினியில் திறந்து பார்த்து, அது உண்மையிலேயே இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒட்டுக் கன்றும் படிக் கணினியும்

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மர இனத்தை அறியாதவர் நம்மிடையே இரார். சிறந்த தாய்மரத்தின் மொட்டை நாற்றில் ஒட்டி, அதே இயல்புடைய ஆயிரக்கணக்கான கன்றுகளை உருவாக்குகிறோம். மெய்நிகர் கணினியையும் அவ்வாறே பெருக்கலாம். ஒன்றைச் செம்மையாக அமைத்துத் தாய்க் கணினியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அதிலிருந்து படிகள் எடுக்கலாம். பள்ளிக் கணினி அறையில் இருபது மாணவர்களுக்கு ஒரே வகைக் கணினி தேவைப்படும்போது, ஒவ்வொன்றிலும் தனித்தனியே நிரல்களை நிறுவ வேண்டியதில்லை.

ஒட்டுக் கன்றுகளுக்கு உள்ள பலவீனமும் இவற்றுக்கு உண்டு. ஓர் இனத்தை ஒரு நோய் தாக்குமானால் அவ்வின மரங்கள் அனைத்தும் அந்நோய்க்கு ஆளாகும். அதுபோலத் தாய்க் கணினியில் உள்ள குறை எல்லாப் படிகளிலும் தொடரும். ஆதலால் தாயைத் திருத்தங்களுடன் தூய்மையாக வைத்திருப்பது முதற்கடமை. படி எடுத்தவுடன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி வலைப்பின்னல் அடையாள எண்ணும் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் ஒரே எண்ணில் இரு வீடுகள் இருப்பது போன்ற குழப்பம் விளையும்.

காவல் தேவை

தடுப்புச் சுவரில் நாமே திறக்கும் வாசல்களும் உண்டு. இரு கணினிகளுக்கும் பொதுவான கோப்புறை ஒன்றை வைத்துக்கொள்வது வசதிதான். ஆயினும் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் கிருமி ஒன்று விருந்தினருக்குள் புகுந்தால், அவ்வாசல் வழியாகவே வெளியேயும் வரும். எனவே பொதுக் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் அமைப்பதும், வேலை முடிந்ததும் மூடிவிடுவதும் பாதுகாப்பானவை. விருந்தோம்பும் கணினியின் இயங்குதளத்தையும் ஹைப்பர்வைசரையும் தவறாமல் புதுப்பித்து வர வேண்டும். கூரை ஒழுகினால் எல்லா வீடுகளும் நனையும்.

மெய்நிகர் கணினி பழையதை என்றென்றும் ஓட்டிச் செல்வதற்கான வழியன்று என்பதையும் கூறியாக வேண்டும். அது நமக்கு அவகாசத்தைத் தருகிறது. அந்த அவகாசத்திற்குள் பழைய கணக்குகளைப் புதிய நிரலுக்கும், பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோட் முறைக்கும் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதில் ஏதேனும் செய்து கெடுத்துவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. மெய்நிகர் கணினி அந்த அச்சத்தைப் பெரிதும் குறைக்கிறது. பிள்ளைகள் அதற்குள் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம், கெடுக்கலாம், அழிக்கலாம், மீண்டும் அமைக்கலாம். வீட்டுக் கணினி தன்பாட்டில் இருக்கும். இன்று பெரிய நிறுவனங்களின் கணினிக் கூடங்கள் மெய்நிகர் கணினிகளைப் பெருமளவில் நம்பியே இயங்குகின்றன. வீட்டு மேசையில் கற்கும் இப்பாடம் நாளை நல்ல தொழிலுக்கு அடிப்படையாகக்கூடும். தொழிற்துறையினரின் முயற்சியால் 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு நிலையம் போன்ற பயிற்சி நிலையங்களை நாட எண்ணும் இளைஞர்களுக்கு இது நல்ல முன்னேற்பாடாக அமையும்.

தோட்டத்து மக்களின் உழைப்பு மரத்தில் பாலாக வடிந்தது. அதன் கணக்கு ஏட்டிலும் கணினியிலும் பதிந்துள்ளது. மரம் முதுமையடைந்தால் மறுநடவு செய்கிறோம். கணினி முதுமையடைந்தால் அதனுள் இருக்கும் கணக்கையும் அவ்வாறே புதிய நிலத்தில் நட்டு வைக்க வேண்டும். உங்கள் கூட்டுறவுக் கடையிலோ, கோயில் அலுவலகத்திலோ, பள்ளியிலோ மூலையில் கிடக்கும் பழைய கணினியில் என்ன இருக்கிறது என்று இந்த மாதமே கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்து, அது நின்றுபோவதற்குமுன் படியெடுத்துவிடச் செய்யுங்கள். நம் உழைப்பின் சான்றைக் காத்துக்கொள்வது நம் கையிலேயே உள்ளது.